குடைவைத்தியமும் முகவரி வளர்ச்சி வாரியமும்

முகவரி வளர்ச்சி வாரியத்தின் கொள்கை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கத் தக்கது. இணையத்தில் ஒரு முகவரியை விலைகொடுத்து வாங்கியவன் அதில் ஏதேனும் கட்டியாக வேண்டும். கட்டாவிடில் அது தரிசு. தரிசை வைத்திருப்பவன் நாட்டின் வளர்ச்சிக்குக் குறுக்கே கால்நீட்டிப் படுத்திருப்பவன். இக்கொள்கையைக் காக்கும் பொருட்டு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. நான்கு மாடிகளில் அலுவலர்கள் இருந்தனர். ஐந்தாம் மாடி, எதிர்கால வளர்ச்சிக்கென்று கட்டிய நாள்முதல் பூட்டிக் கிடந்தது.

வாரியம் தனக்கென்று வாங்கிய முகவரியில் வாரியமே பல்லாண்டுகளாக ஒன்றும் கட்டவில்லை என்பதை நேர்மையான எழுத்தர் ஒருவர் கண்டுபிடித்து, விதிப்படி வாரியத்துக்கு எச்சரிக்கை மடல் அனுப்பினாராம். வாரியம் அம்மடலைப் பெற்றுக்கொண்டு, தன்னிடமே அவகாசம் கேட்டு, அக்கோரிக்கையை ஆழ்ந்து ஆராய்ந்து, தனக்குத் தானே அவகாசம் வழங்கிக்கொண்டது. எழுத்தர் ஐந்தாம் மாடிக்கு மாற்றப்பட்டார்.

அத்தகைய வாரியத்திலிருந்துதான் கண்ணாடிக்காரரின் வீட்டுக்கு ஒரு மடல் வந்தது.

கண்ணாடிக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். கடைத்தெருத் திருப்பத்தில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அமர்ந்து, வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. வாடிக்கையாளரிடம் பேசுவது முன்னறையில் இருக்கும் முதலாளியின் பொறுப்பு. வீட்டிலும் அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததில்லை. மூவர் வாழ்ந்த அவ்வீட்டின் பேச்சு முழுவதையும் மகள் ஒருத்தியே குத்தகைக்கு எடுத்திருந்தாள். வாயாடி என்றே அவளை இருவரும் அழைத்தனர். அப்பெயருக்கு அவள் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.

வாயாடிக்குப் பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறையில் வேலை. மனிதர்கள் பணப்பையைத் தேடி வருவார்கள், பல்செட்டைக் கூடத் தேடி வருவார்கள். குடையைத் தேடி மட்டும் ஒருவரும் வருவதில்லை. கம்பி முறிந்த குடைகளும் துணி கிழிந்த குடைகளும் அவ்வறையின் மூலையில் குன்றுபோற் குவிந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் கொடுக்கும் கடையொன்றை இணையத்தில் தொடங்குவதென்று அவள் முடிவு செய்தாள். "குடைவைத்தியம்" என்னும் முகவரியைத் தன் சம்பளத்தில் வாங்கினாள். ஒருநாள் மாலை, தந்தையின் கறுப்புக் குடையைச் சமையலறை மேசைமேல் விரித்துவைத்து, முறிந்த இரண்டு கம்பிகளும் தெரியும்படி படமெடுத்து, அதை அம்முகவரியில் ஏற்றினாள். படத்தின் கீழே "உங்கள் குடைக்கு என்ன உடம்பு?" என்று ஒரு வரி. மற்றவற்றை வரும் மாதம் எழுதுவதாகச் சொன்னாள். வரும் மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் தனியே திரும்பிப் போகவில்லை.

உறவினர் எல்லாரும் கலைந்து சென்ற பிறகு ஒருநாள் கண்ணாடிக்காரர் அப்பக்கத்தைத் திறந்து பார்த்தார். வில்லையில் மயிரிழைக் கீறலையும் கண்டுபிடிக்கப் பழகிய கண்கள் அவருடையவை. படத்தின் இடப்பக்க மூலையில் மங்கலாக ஏதோ தெரிந்தது. அது வாயாடியின் கட்டைவிரல். படமெடுக்கத் தெரியாதவள் விரலையும் சேர்த்து எடுத்துவிட்டாள். குடைக்கம்பி குத்திய காயத்தின்மேல் சுற்றிய வெள்ளைக் கட்டும் விரலில் இருந்தது. அன்றுமுதல் வேலை முடிந்து வந்ததும் அவர் அப்பக்கத்தைத் திறந்துவைத்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வது வழக்கமாயிற்று.

மடலைப் படித்துவிட்டு அவர் அதை மடிக்காமலே வைத்திருந்தார்.

"என்னவாம்?" என்று மனைவி அடுப்பருகிலிருந்து கேட்டாள்.

"வளர்க்கணுமாம்."

"எதை?"

"குடைவைத்தியத்தை. மூணு மாசத்துல வளர்க்கலைன்னா பறிச்சு வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம்."

"வளர்க்க வேண்டியவளே போயிட்டா. குடுத்தாக் குடுக்கட்டும்." கரண்டியைக் கழுவுகிறவள்போலக் குழாயைத் திறந்தாள், மூடினாள். "அந்தப் படத்தை எடுத்து வச்சுக்கிட்டாப் போதாதா?"

"எடுத்துதான் வச்சிருக்கேன். என்கிட்ட இருந்தா அது படம். அங்க இருந்தா அது அவ கடை."

மனைவி கரண்டியைத் துடைத்து மாட்டினாள். அப்பக்கத்தை அவள் ஒருமுறையேனும் பார்த்தவள் அல்லள். பார்த்தால் மறுபடியும் மூன்று பேருக்குச் சமைக்கத் தோன்றிவிடும் என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "நாளைக்கு அரைநாள் லீவு போட்டுட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்க. வாயைத் திறந்து கேளுங்க. அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வராதீங்க" என்றாள்.

வாரியத்தின் இரண்டாம் மாடியில் வளர்ச்சி அலுவலர் என்னும் பலகைக்குப் பின்னால் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காது தளர்ந்து, கண்ணாடி ஒருபக்கம் சரிந்திருந்தது. கண்ணாடிக்காரரின் பார்வை தன்னையறியாமல் அங்கேயே போய் நின்றது.

"சொல்லுங்க சார். உங்க முகவரியை என்ன பண்றதா இருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும்ங்க."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எங்ககிட்ட திட்டம் இல்லையே."

"இப்ப அப்படித்தானே இருக்குது."

"இருக்கறது வேற, அனுமதியோட இருக்கறது வேற. நாங்ககூட இங்க பல நாள் ஒண்ணும் பண்ணாமத்தான் இருக்கோம். ஆனா எங்களுக்கு அதுக்கு உத்தரவு இருக்கு." அவர் ஒரு வண்ணத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். "பாருங்க, மூணு வழி. முதல் வழி, நிறுத்தி வைக்கறது. வண்டியை நிறுத்தற மாதிரிதான். பக்கம் முழுக்க விளம்பரத்தை ஒட்டிடுவோம். குடை தேடி வர்றவன் வழி தவறிச் செருப்பு வாங்கிட்டுப் போவான். ரெண்டாவது, சின்ன வெப்சைட். குடையைப் பத்தி இருபது கட்டுரை. குடை என்றால் என்ன, குடையின் நன்மைகள், மழையில் குடை, வெயிலில் குடை, அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம். மூணாவது, பெரிய வெப்சைட். உலகத்துல இருக்கற குடைக்காரங்க எல்லாரும் வந்து சண்டை போட ஒரு மேடை."

"சண்டை எதுக்குங்க?"

"சண்டை இருந்தாத்தானே சார் ஆளு வருவாங்க. ஆமா, முகவரி உங்க பொண்ணு பேர்ல இருக்கே, அவங்க என்ன உத்தி வச்சிருந்தாங்க?"

"உடைஞ்ச குடையை ரிப்பேர் பண்ணிக் குடுக்கலாம்னு இருந்தா."

"அது தொழில். நான் உத்தியைக் கேட்டேன்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த மடலைப் பார்த்தார். யானை வாய்க் கரும்பு மீள்வது எப்படி என்று எண்ணியபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்த அலுவலரின் குரல் சற்றுத் தாழ்ந்தது. உத்தியில்லாதோர்க்கு வாரியம் ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவதாகவும், அதில் உட்கார்ந்து எழுந்தால் பறிமுதல் தள்ளிப்போகும் என்றும், பெரும்பாலோர் உட்காரத்தான் வருகிறார்கள் என்றும் அவர் சொன்னார். குடைவைத்தியம் மகள் பெயரிலிருந்து கண்ணாடிக்காரர் பெயருக்கு மாற்றப்பட்டு, வகுப்புக்கான சீட்டும் கையோடு கிடைத்தது.

வகுப்பை நடத்தியவர் வாரியத்தின் தலைமை உத்தியாளர். வெள்ளைப் பலகையில் ஒரு செடியை வரைந்து, அதன் வேரில் பெயர் என்றும், கிளையில் உள்ளடக்கம் என்றும், கனியில் வருவாய் என்றும் எழுதிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, பெயரை வாங்குவது எளிது. அதை வளர்ப்பதற்கு உத்தி வேண்டும். என்னிடமே நூற்றுக்கு மேற்பட்ட முகவரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலும் நான் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. ஏன்? உத்தி இன்னும் கனியவில்லை. உத்தி கனியுமுன் கட்டுகிறவன் முட்டாள். கட்டாதவனுக்கு நம் வாரியம் எச்சரிக்கை மடல் அனுப்பும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வகுப்பு."

கண்ணாடிக்காரருக்கு அடுத்த நாற்காலியில் குழாய் செப்பனிடுபவர் ஒருவர் இருந்தார். கைவிரல்களில் கறுப்புப் பசை போகாமல் ஒட்டியிருந்தது. அவர் எழுந்து, "ஏங்க, குழாய் ஒழுகுச்சுன்னா ஆளு எனக்குப் போன் பண்ணுவான். என் சைட்ல போன் நம்பர் மட்டும் இருக்கு. நீங்க அங்க தண்ணியோட வரலாறு எழுதச் சொல்றீங்க. ஒழுகற குழாயை வச்சுக்கிட்டு அவன் எதுக்குங்க வரலாறு படிக்கணும்?" என்றார்.

உத்தியாளர் கனிவோடு சிரித்தார். "நல்ல கேள்வி. உங்கள் எண்ணை உடனே பார்த்துவிட்டால் அவர் உடனே போய்விடுவார். எண் பக்கத்தின் அடியில் இருக்க வேண்டும். அவர் வரலாற்றைக் கடந்து அதை அடைய வேண்டும். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும் நேரமே அவர் உங்கள் தளத்தில் தங்கும் நேரம். தங்கும் நேரமே வளர்ச்சி."

"அதுக்குள்ள வீடு மூழ்கிடுமே!"

"மூழ்கிய வீடுகளுக்கென்று தனிக் கட்டுரை எழுதலாம்" என்று உத்தியாளர் பலகையில் குறித்துக்கொண்டார்.

குழாய்க்காரர் உட்கார்ந்து, கண்ணாடிக்காரரின் காதருகே குனிந்து, "அண்ணே, நமக்கு இங்க வைத்தியம் பார்க்கறாங்களா, வியாதி குடுக்கறாங்களா?" என்று கேட்டார். வாயாடி போன பிறகு தம்மை யாரேனும் சிரிக்கவைக்கப் பார்த்தது அதுவே முதன்முறை என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. சிரிப்பு உதடுவரை வந்து நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு முகவரியின் வருகைக் கணக்கையும் எடுத்துக் கோப்பில் சேர்ப்பது விதி. குடைவைத்தியத்தின் கணக்கை எடுத்த வளர்ச்சி அலுவலர் முதலில் இயந்திரம் பழுதென்று எண்ணினார். இரண்டாம் முறை எடுத்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று உத்தியாளரை அழைத்தார்.

அந்நாட்டில் ஒருவர் ஓர் இணையதளத்தில் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒரு கொட்டாவியின் நீளம். கோடிகளைக் கொட்டிக் கட்டிய தளங்களும் இரண்டு கொட்டாவிகளைத் தாண்டியதில்லை. குடைவைத்தியத்துக்கோ நாள்தோறும் மாலையில் ஒருவர் வருகிறார். வந்தவர் இரண்டு மணி நேரம் தங்குகிறார். எதையும் அழுத்துவதில்லை, வேறெங்கும் தாவுவதில்லை. விடுமுறை நாளில் விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரையில் இருந்துவிட்டுப் போகிறார்.

உத்தியாளர் அக்கணக்குத் தாளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார். "இதைத்தான் நான் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் குரல் உடைந்தது.

அடுத்த வாரமே கண்ணாடிக்காரருக்கு விருது அறிவிக்கப்பட்டது. விழா முதல் மாடி மண்டபத்தில் நடந்தது. மனைவி வரவில்லை. "எந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனாலும் பொத்தானைச் சரியாப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். வாரியத் தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"பெரியோர்களே, இந்தத் தளத்தில் என்ன இருக்கிறது? உடைந்த ஒரு குடை. ஒரு கேள்வி. வேறொன்றும் இல்லை! ஆயினும் மனிதன் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். இதன் இரகசியம் என்ன? நான் சொல்கிறேன். ஒன்றும் இல்லாத இடத்தில், இனி ஏதோ வரப்போகிறது என்று மனிதன் காத்திருப்பான். நம் வாரியத்துக்கு இது புதிதன்று. இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள பெஞ்சுகளில் நாம் மக்களை இப்படித்தான் இத்தனை ஆண்டுகளாக உட்கார வைத்திருக்கிறோம். ஆனால் அதை ஓர் உத்தி என்று நாம் இதுவரை அறிந்திருக்கவில்லை!"

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. கேடயத்தை வாங்கிக்கொண்ட கண்ணாடிக்காரர், மனைவி சொல்லியனுப்பிய சொல்லை நினைத்து வாயைத் திறந்தார்.

"ஐயா, ஒரு விஷயம். அங்க தினமும் வர்றது நான்தாங்க. வேற யாரும் இல்ல. என் பொண்ணு போட்ட படம் அது. ஓரத்துல அவ விரல் தெரியுது. அதைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்."

தலைவர் உத்தியாளரைப் பார்த்தார். உத்தியாளர் விதிநூலைப் புரட்டினார்.

"தாங்கள் உரிமையாளர்" என்றார் உத்தியாளர். "விதிப்படி உரிமையாளர் வருகையாளர் ஆகார்."

"ஆனா நான்தாங்க அது."

"மேலும், வருகையாளர் யார் என்பது இரகசியம். அவர் தாங்களாகவே இருந்தாலும், அதைத் தங்களிடம் நாங்கள் உறுதிப்படுத்த இயலாது. தாங்களும் எங்களிடம் வெளியிடலாகாது."

தலைவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "ஐயா, எனக்கு உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒருத்தரை ரெண்டு மணி நேரம் உட்கார வச்சாச்சு. இனி ஆயிரம் பேரை வைக்கணும். அது வெறும் பெருக்கல். அதை எங்ககிட்ட விடுங்க" என்று தோளில் தட்டினார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையை அவர் கேட்டிருக்கக் கூடும். ஓநாய்க்குக் குடையும் கிடைத்துவிட்டது என்பது மட்டுமே இங்குப் புதிது.

மறுவாரம் எல்லா முகவரிக்காரர்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. தங்கும் நேரத்தை உயர்த்தும் பொருட்டு, ஒவ்வொருவரும் தம் தளத்தின் முகப்பில் உடைந்த குடை ஒன்றின் படத்தை இடுதல் வேண்டும். பல் மருத்துவர்களும் வீட்டுத் தரகர்களும் நல்ல குடைகளை வாங்கி உடைத்தார்கள். குழாய்க்காரர் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, எல்லாம் உங்களாலதான். என் சைட்டைப் பார்த்துட்டு ஒரு அம்மா போன் பண்ணிக் குடை ரிப்பேருக்கு எவ்வளவுன்னு கேட்கறாங்க. குழாய்க்கு யாரும் கூப்பிடறதில்ல" என்று குறைபட்டார். கண்ணாடிக்காரர் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மாதக் கடைசியில் வாரியம், விருது பெற்ற குடைவைத்தியத்தைத் தன் செலவிலேயே வளர்த்துத் தருவதென்று தீர்மானித்தது. இத்தகைய பேறு வேறெவர்க்கும் கிடைத்ததில்லை என்று கண்ணாடிக்காரருக்கு வந்த மடலில் எழுதியிருந்தது.

ஒருநாள் மாலை அவர் வழக்கம்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். குடையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பியது. "தங்கள் மின்னஞ்சலைத் தந்தால் உள்ளே வரலாம்" என்றது. மகளின் கடைக்குள் நுழையச் சீட்டுக் காட்டுகிறவர்போல அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பெட்டி விலகிற்று. வலப்பக்கம் மழைச்சட்டை விளம்பரம், இடப்பக்கம் குடையின் நன்மைகள். நடுவே கறுப்புக் குடை, முன்னிலும் தெளிவாக, முன்னிலும் பளபளப்பாக இருந்தது. மூலையில் மேசையின் மரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

விரல் இல்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து, தாம் அச்சிட்டு வைத்திருந்த பழைய படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரவமில்லாமற் பின்னால் வந்து நின்ற மனைவி, அத்தனை நாளும் பார்க்காதிருந்தவள், இரண்டையும் பார்த்துவிட்டாள். அவளுடைய சுட்டுவிரல் தாளின் மூலைமேல் போய் நின்றது.

"இந்தக் கட்டு நான் போட்டது" என்றாள். "கையைக் காட்டுன்னா காட்ட மாட்டேன்னு ஓடினா. பிடிச்சு உட்கார வச்சுப் போட்டேன்." திரையைக் காட்டி, "அங்கிருந்து யாரு இதை எடுத்தது?" என்று கேட்டாள். அக்கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே அவர் வாரியத்தின் வாசலில் நின்றார். வளர்ச்சி அலுவலர் அவரைக் கண்டதும் முகமலர்ச்சியோடு, "பார்த்தீங்களா சார்? எவ்வளவு நல்லா வந்திருக்கு!" என்றார்.

"விரலைக் காணோம்ங்க."

"எந்த விரல்?"

"ஓரத்துல இருந்தது. கட்டுப் போட்ட விரல். அதைத் திரும்ப வச்சுடுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். செருப்பு விளம்பரம்கூடப் போட்டுக்குங்க. அது ஒண்ணை மட்டும் வச்சுடுங்க." மடித்த படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தார். "இதோ, பழைய படமும் கொண்டுவந்திருக்கேன்."

அலுவலர் படத்தைப் பார்த்தார். சரிந்த மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விழாவன்று கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றவர் அவர். முன்வரிசைக் கைதட்டலுக்கு அப்பால் ஒன்றும் அவர் காதில் விழவில்லை.

"சார்," என்றார், மெல்லிய குரலில். "அது விரல்னு எனக்குத் தெரியாது. ஏதோ அழுக்குன்னு நினைச்சேன். அம்புக்குறி போட்டு 'நீக்கவும்'னு எழுதினது நான்தான்."

கண்ணாடிக்காரர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் அலுவலருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"திரும்ப வைக்க முடியாதா?"

"வளர்ந்த தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோறதைத் தேய்வுன்னு சொல்லுவாங்க. தேய்ஞ்சா முகவரியைப் பறிச்சுடுவாங்க. நான் வேணும்னா மேல எழுதிக் கேட்கறேன்." மேலே என்று அவர் கைகாட்டிய திசையில் ஐந்தாம் மாடி இருந்தது. தாம் காட்டிய திசையைத் தாமே பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

கிளம்பும்போது கண்ணாடிக்காரர் அலுவலரின் சரிந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். "அந்தக் காதுல ஒரு திருகு தளர்ந்திருக்கு. கடைக்கு வாங்க, முடுக்கித் தர்றேன்" என்றார். அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றுமுதல் கண்ணாடிக்காரர் குடைவைத்தியத்தைத் திறக்கவில்லை. மாலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்வார், பின்பு எழுந்து அதைச் சுவரோரம் தள்ளிவைப்பார். பழைய படம் மேசை இழுப்பறையில் இருந்தது. அவருக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. கடையை இழந்தவனுக்குக் கடைப்பலகை எதற்கு?

வாரியத்தில் கூக்குரல் எழுந்தது. நாட்டின் தலைசிறந்த வருகையாளரைக் காணவில்லை. தங்கும் நேரம் ஒரே வாரத்தில் கொட்டாவிக்கும் கீழே போய்த் தும்மலளவாயிற்று. தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். "அவரைப் போன்ற பொறுமைசாலியை நாம் இழந்தது எப்படி? அவருக்கு நாம் என்ன குறை வைத்தோம்? பெட்டி வைத்தோம், கட்டுரை வைத்தோம், விளம்பரம் வைத்தோம். மனிதர்களுக்கு நன்றியே இல்லை" என்று வருந்தினார். உத்தியாளர் எழுந்து, பிரிந்த வருகையாளரை மீட்கும் உத்தி ஒன்று வெளிநாட்டில் கைகண்டது என்றும், அதற்கு மனிதர் எவரும் தேவையில்லை என்றும், தளத்தின் பெயரால் இயந்திரமே அன்பாக மடல் எழுதும் என்றும் தெரிவித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் 'குடைவைத்தியம்' என்றிருந்தது. மகள் வாங்கிய நாளிலிருந்து அம்முகவரியினின்று ஒருவருக்கும் ஒரு மடலும் போனதில்லை. இதுவே முதல் மடல்.

"நீங்கள் வந்து பல நாளாயிற்று. என்மேல் கோபமா? நீங்கள் வராமல் இங்கே ஒன்றுமே நன்றாக இல்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து, அவர் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தாள்.

"யாரு எழுதினது?"

"யாரும் எழுதல. மிஷின்."

"மிஷினுக்கு எப்படித் தெரியும், நீங்க போகலைன்னு?"

"அது கணக்கு வச்சிருக்கும்."

மனைவி மறுபடி படித்தாள். உதடுகள் அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தாள். வீட்டில் எவரும் நெடுநாளாகப் பேசிப் பழகாமையால், அக்காகிதமில்லாக் கடிதத்தின் குரல் அறை முழுவதும் நின்றது.

"பதில் போடுங்க" என்றாள்.

"மிஷினுக்கா?"

"யாரு கேட்டா என்ன? அவ பேர்ல வந்து கோபமான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு சொல்ல வேண்டாமா? அப்படியே விட்டா என்ன நினைக்கும்?"

'யார் நினைப்பது?' என்று அவர் கேட்கவில்லை. தட்டத் தொடங்கினார். "கோபம் இல்லம்மா" என்று எழுதி நிறுத்தினார். "வந்து பார்த்தேன். நீ அங்க இல்ல" என்று சேர்த்தார். மனைவி அவர் தோள்வழியே குனிந்து, "நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றாள். எழுதினார். "மழைக்காலம் வந்தாச்சு, அப்பா குடை இல்லாமத்தான் வேலைக்குப் போறார், புதுசு வாங்கச் சொன்னா வாங்க மாட்டேங்கறார்னு எழுதுங்க." அதையும் எழுதினார். "அப்புறம்…" என்று தொடங்கியவளுக்கு அதற்குமேல் ஒன்றும் அகப்படவில்லை. அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

கண் இமைக்கும் முன் மறுமொழி வந்தது.

"தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி. 'நீ அங்க இல்ல' என்னும் தங்கள் குறை, பக்கம் திறப்பதில் உள்ள கோளாறு எனப் பதிவு செய்யப்பட்டுத் தீர்க்கப்பட்டது."

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தனர். வெளியே எவருடைய வண்டியோ புறப்பட மறுத்து இருமிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா," என்றாள் மனைவி. "நன்றியாம். நம்ம வாயாடி என்னைக்காவது நன்றி சொல்லியிருக்காளா? அவளா இருந்தா, அப்பாவுக்குக் குடை எதுக்கு, நனையறதுக்குத் தலையில முடியா இருக்குன்னுல்ல கேட்டிருப்பா?"

கண்ணாடிக்காரரின் கை தன்னையறியாமல் தம் வழுக்கைத் தலைமேற் போயிற்று. அவருக்குச் சிரிப்பு வந்தது. மனைவிக்கும் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடக்க முடியாமற் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது இருவர் கண்களும் நனைந்திருந்தன. எவரும் துடைத்துக்கொள்ளவில்லை. போன் மறுபடியும் ஒளிர்ந்து, அன்றைய சேவை எப்படி இருந்தது, ஒன்றுமுதல் ஐந்துக்குள் ஓர் எண்ணைத் தருக என்று கேட்டுக் காத்திருந்தது.